கடல் இல்லாத தேசமும் தலைவிதிப் பேச்சும்

சென்ற வாரம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் அன்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய பிள்ளை பூகோள பாடத்தை உரக்கப் படித்துக் கொண்டிருந்தான். தென்கிழக்கு ஆசியாவில் கடற்கரையே இல்லாத ஒரே தேசம் லாவோஸ் என்றும், அது ஏழை நாடு என்றும் அவன் படித்ததும், பக்கத்தில் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "பகவான் கடலைக் கொடுக்கவில்லை, அவர்கள் என்ன செய்வார்கள்? மனுஷனுக்கு இருப்பது போல் தேசத்துக்கும் தலையெழுத்து உண்டு" என்றார். பையன் அதையும் பாடத்தில் ஒரு வரி என்பது போல் கேட்டுக் கொண்டு அடுத்த பாராவுக்குப் போய் விட்டான்.

விருந்தாளியாகப் போன இடத்தில் வாதாடுவது நமது வழக்கமல்ல. ஆனால் அந்தச் சொல்லை அப்படியே விட்டு விடவும் நமக்கு மனம் ஒப்பவில்லை. ஏனெனில், "தலையெழுத்து" என்கின்ற இந்த ஒரு சொல்லைக் கொண்டுதான் நமது நாட்டில் சேரியில் பிறந்தவனைச் சேரியிலும், புருஷனை இழந்தவளை மூலையிலும், கூலிக்காரனைக் கூலியிலும் இத்தனை நூற்றாண்டுகளாக உட்கார வைத்திருக்கிறார்கள். இப்போது அதே சொல்லை ஒரு முழு தேசத்தின் நெற்றியிலும் எழுதப் பார்க்கிறார்கள். ஆதலால் லாவோஸ் எப்படிப்பட்ட தேசம், அதன் ஜனங்கள் யார், அதை ஆளுகின்றவர்கள் யார், அதன் செல்வம் எங்கே போகின்றது என்பவைகளைச் சற்று விசாரித்து, அதன் ஏழ்மைக்குக் காரணம் கடல் இல்லாமையா, கடவுள் கடாட்சம் இல்லாமையா, அல்லது வேறு ஏதாவதா என்று பார்ப்போம்.

கடல் இல்லாமை

வடக்கே சீனா, கிழக்கே வியட்நாம், தெற்கே கம்போடியா, மேற்கே தாய்லாந்து, வடமேற்கே பர்மா என்ற ஐந்து தேசங்களுக்கு நடுவில் இருப்பது லாவோஸ். அதன் பரப்பு ஏறக்குறைய 2,36,800 சதுர கிலோமீட்டர். அதாவது நமது தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஜனத்தொகையோ சுமார் முக்கால் கோடிதான். சேலம், நாமக்கல் ஆகிய இரண்டு ஜில்லாக்களில் மட்டும் 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் 52 லட்சம் பேர் இருந்தார்கள் என்பதை நினைத்தால், அந்த தேசம் எவ்வளவு விரிந்தது, எவ்வளவு ஜனம் குறைந்தது என்பது விளங்கும். பெரும் பகுதி மலையும் காடும். மேற்கு ஓரமாக மேக்கோங் என்னும் பெருநதி ஓடுகின்றது. நெல் விளையும் சமவெளிகளில் பெரியவை அந்நதிக் கரையோரத்தில் உள்ளன. தலைநகரமாகிய வியந்தியேனும் அக்கரையிலேதான் இருக்கின்றது. ஆற்றுக்கு எதிர்க்கரை தாய்லாந்து.

கடல் இல்லாததால் அந்த தேசத்துக்குக் கஷ்டமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. உள்ள கஷ்டத்தை இல்லை என்று சொல்லுவது பகுத்தறிவாகாது. துறைமுகத்துக்கு ஒரு மூட்டை போக வேண்டுமானால் தாய்லாந்து வழியாகவோ வியட்நாம் வழியாகவோதான் போக வேண்டும். 1975-ஆம் வருஷக் கடைசியில் தாய்லாந்து தன் எல்லையை மூடினபோது வியந்தியேனில் பண்டங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. நதி வழியாகவாவது போகலாம் என்றால், தெற்கே கோன் என்ற இடத்தில் நீர்வீழ்ச்சிகள் குறுக்கே நிற்கின்றன. மேக்கோங் வழியே சீனாவுக்குக் கப்பல் விடலாம் என்று ஆசைப்பட்டு 1866 முதல் 1868 வரை அந்நதியை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர்கள், பின்னால் அந்த அருவிகளைச் சுற்றி ஒரு சின்ன ரயில் போட்டுப் படகுகளை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். கப்பல் வழி கிடைக்கவே இல்லை. ஒகேனக்கல் அருவியைப் பார்த்த நம்மவர்களுக்கு இது ஆச்சரியமாயிராது. காவேரியில் அவ்விடத்தைத் தாண்டி எந்தக் கப்பல் வர முடியும்?

ஆனால் கடல் இல்லாததனாலேயே ஒரு நாடு ஏழையாகி விடும் என்றால், ஐரோப்பாவிலுள்ள சுவிட்சர்லாந்து எப்படி உலகத்திலேயே பெரிய செல்வ நாடுகளில் ஒன்றாயிற்று? அதற்கும் கடல் இல்லை. அதுவும் மலை நாடுதான். அவ்வளவு தூரம் போவானேன்? நமது சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கடல் எங்கே இருக்கின்றது? கடலே காணாத நாமக்கல்லின் கோழி முட்டை கடல் தாண்டி வளைகுடா நாடுகளுக்குப் போகின்றது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் உள்ள லாரிகள் இந்தியாவில் போகாத ஊரில்லை. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி பூமியைத் துளைக்காத மாகாணம் அநேகமாக இல்லை. சேலத்துக் கொலுசும் சேலத்து ஜவ்வரிசியும் வடநாட்டுக் கடைவீதியெல்லாம் விற்கின்றன.

இது எப்படி முடிந்தது? சேலத்துக்காரனுக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் நடுவே யாரும் நினைத்தபோது மூடக்கூடிய எல்லைக் கதவு இல்லை. ரோடு இருக்கின்றது, ரயில் இருக்கின்றது, அவைகளில் போக அவனுக்கு உரிமை இருக்கின்றது. லாவோஸ்காரனுக்கோ ரோடு இருந்தாலும் கதவு பிறன் கையில் இருக்கின்றது. ஆகவே கஷ்டம் கடலில் இல்லை; கதவின் சாவி யாரிடம் இருக்கின்றது என்பதில் இருக்கின்றது. சாவியை வைத்திருப்பவன் மனிதன். அதனாலேதான் 1982-இல் உலக தேசங்கள் கூடிக் கடல் சட்ட உடன்படிக்கை ஒன்று செய்து, கடற்கரை இல்லாத நாடுகளுக்குக் கடலுக்குப் போக்குவரத்து உரிமை உண்டு என்று எழுதி வைத்தன. கடவுள் எழுதின விதியாயிருந்தால் அதை மனிதர்கள் மாநாடு கூடித் திருத்த முடியுமா என்று அப்பெரியவரைக் கேட்கின்றோம்.

காக்க வந்த தெய்வம்

இனி அந்த தேசத்துச் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். பதினான்காம் நூற்றாண்டில் அங்கே லான் சாங் என்ற ராஜ்யம் ஏற்பட்டது. அதற்குப் பத்து லட்சம் யானை என்று அர்த்தமாம். அந்த ராஜாக்கள் வியந்தியேனில் மரகத புத்தர் என்று சொல்லப்படும் ஒரு சிலையை இருநூறு வருஷங்களுக்கு மேல் வைத்துப் பூசித்தார்கள். ராஜ்யத்தைக் காப்பதே அந்தச் சிலைதான் என்பது நம்பிக்கை. 1779-இல் சயாம் படை வந்தது. ராஜ்யத்தையும் பிடித்தது, அதைக் காக்க வந்த சிலையையும் தூக்கிக் கொண்டு போயிற்று. அச்சிலை இன்றைக்கும் பாங்காக்கில்தான் இருக்கின்றது. வியந்தியேனில் அது இருந்த கோயில் இப்போது ஒரு காட்சிசாலை. மறுபடியும் 1828-இல் சயாம்காரர்கள் வந்து வியந்தியேனைத் தரைமட்டமாக்கிப் போனார்கள். தன்னையே காத்துக் கொள்ள முடியாத சாமி தேசத்தை எப்படிக் காக்கும் என்று கேட்டால் நம்மை நாஸ்திகர்கள் என்கிறார்கள். நாம் கேட்பது சரித்திரத்தில் நடந்ததைத்தான்.

பிறகு 1893-இல் பிரெஞ்சுக்காரன் வந்தான். தலைவரி போட்டான், கூலி கொடுக்காமல் ஜனங்களைக் கட்டாய வேலை வாங்கினான், ரோடு போடச் சொன்னான். ஆனால் பள்ளிக்கூடம் போடுவதில் அவனுக்கு அக்கறை இல்லை. அதனால் சர்க்கார் உத்தியோகங்களுக்கு லாவோஸ் ஜனங்களில் படித்தவர்கள் கிடைக்கவில்லை என்று சொல்லி, வியட்நாமியரைக் கொண்டு வந்து குமாஸ்தாக்களாகவும் அதிகாரிகளாகவும் வைத்தான். மேலே வெள்ளைக்காரன், நடுவே வியட்நாமியன், அடியிலே மண்ணின் பிள்ளை. நமது சென்னை ராஜதானியில் வெள்ளைக்காரன் மேலே உட்கார்ந்திருக்க, உத்தியோகங்களில் பெரும் பங்கு பார்ப்பனர் கையில் இருந்ததையும், அந்த அநியாயத்தைக் கேட்க 1916-இல் நீதிக்கட்சி தோன்றியதையும் அறிந்த நமது வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. படிப்பைக் கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு "படிப்பில்லாதவன்" என்று தள்ளி வைப்பது எல்லா தேசத்து எஜமானர்களுக்கும் பொதுவான தந்திரம்.

1953-இல் பிரெஞ்சுக்காரன் போனான். ஆனால் பக்கத்து வியட்நாமில் நடந்த யுத்தம் லாவோஸையும் விடவில்லை. 1964 முதல் 1973 வரை ஒன்பது வருஷ காலம் அமெரிக்க விமானங்கள் அந்த தேசத்தின் மேல் 5,80,000 முறை பறந்து, 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. அவைகளில் கொத்துக் குண்டுகளின் சிறு உருண்டைகள் மட்டும் சுமார் 27 கோடி. ஏறக்குறைய 8 கோடி உருண்டைகள் வெடிக்காமல் மண்ணில் தங்கி விட்டன. யுத்தம் முடிந்த பிறகும் 20,000 பேருக்கு மேல் அவைகளால் செத்தும் அங்கவீனப்பட்டும் இருக்கிறார்கள். பந்து என்று நினைத்து எடுத்த குழந்தைகளும், ஏர் ஓட்டப் போன விவசாயிகளும் இதில் அதிகம்.

கர்மபலன் பேசுகின்றவர்களை இவ்விடத்தில் நிறுத்தி ஒன்று கேட்க வேண்டும். யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு பிறந்து, வயலில் கிடந்ததை எடுத்துக் கையை இழந்த குழந்தை போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தது? அது பாவம் செய்தது என்றால், குண்டு போட்டவன் அந்தப் பாவத்துக்குத் தண்டனை நிறைவேற்ற வந்த தர்மராஜனாகி விடுகிறானே! கர்மபலன் என்கின்ற வியாக்கியானம் எப்போதும் குற்றவாளியை விடுதலை செய்து, அடிபட்டவனைக் கூண்டில் ஏற்றுகின்றது. இதற்காகவே நாம் அதை எதிர்க்கின்றோம்.

ஜனங்கள்

லாவோஸில் 50 இனத்தார் இருப்பதாக அந்த சர்க்கார் கணக்கிட்டிருக்கின்றது. லாவோ இனத்தார் ஜனத்தொகையில் சுமார் பாதி. இவர்கள் பெரும்பாலும் சமவெளியில் நெல் பயிரிட்டு, பசை பிடிக்கும் ஒருவகை அரிசிச் சோற்றைக் கையால் உருட்டிச் சாப்பிடுகிறவர்கள். மற்றவர்கள் மலைச்சரிவிலும் மலையுச்சியிலும் காட்டைத் திருத்திப் பயிர் செய்கிறவர்கள். இருக்கும் உயரத்தைக் கொண்டு கீழ் லாவோ, நடு லாவோ, மேல் லாவோ என்று இவர்களைப் பிரித்துச் சொல்லுவது வெகுகாலம் வழக்கமாயிருந்தது. ஆனால் உயரத்தில் இருக்கிறவனுக்கு உயர்வு என்று நினைத்து விடக் கூடாது. மலைச்சரிவில் இருந்த ஜனங்களைச் சமவெளிக்காரர்கள் பழைய நாளில் "கா" என்று அழைத்தார்கள். அடிமை என்று அதற்குப் பொருள்.

இதைப் படித்தவுடன், "பார்த்தீர்களா, அங்கேயும் ஜாதி இருக்கின்றது" என்று நமது சனாதனிகள் சந்தோஷப்படுவார்கள். அவர்களுக்கு நாம் சொல்லுவது, மனிதனை மனிதன் இழிவாக நடத்துவது உலகமெங்கும் உண்டு. ஆனால் அந்த இழிவைக் கடவுள் முகத்திலும் காலிலும் பிறந்தது என்று எழுதி, கோயிலிலும் குளத்திலும் காவல் வைத்த பெருமை நம் தேசத்துக்கே உரியது. நமது சேர்வராயன் மலையிலும், கொல்லி மலையிலும், கல்வராயன் மலையிலும் இருக்கின்ற மலையாளிகள் தமிழ் பேசுகிற ஜனங்கள்தான். "மலையை ஆள்பவர்" என்று பெயர் மட்டும் பெரிதாக வைத்திருக்கிறோம். ஏற்காட்டுக்குப் போய்க் குளிர்காற்று வாங்கி வருகின்ற கீழ்நாட்டுச் சீமான்களில் எத்தனை பேர் அவர்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார்கள்?

மத விஷயத்தில், ஜனங்களில் பெரும்பான்மையோர் பௌத்தர்கள். ஆனால் புத்தரோடு கூட மரத்துக்கும் மலைக்கும் வீட்டுக்கும் ஒவ்வோர் ஆவி உண்டென்று நம்பி அவைகளுக்கும் படைக்கிறார்கள். விசேஷ நாட்களில் உடம்பிலுள்ள உயிர்கள் ஓடிப் போகாதபடி மணிக்கட்டில் நூல் கட்டுகிறார்கள். நம்மூரில் கறுப்புக் கயிறு கட்டிக் கொண்டு லாரி ஓட்டுகிறவருக்கு இது புதிதல்ல. தெற்கே வாட் பூ என்ற இடத்தில் பழைய கெமர் ராஜாக்கள் காலத்துச் சிவன் கோயில் ஒன்று இருக்கின்றது. இப்போது அங்கே புத்தருக்குத்தான் பூசை. ராமாயணமும் அங்கே போயிருக்கின்றது. ஆனால் அங்கே அது லட்சுமணன் பெயரை முன்னே வைத்து வழங்குகின்றது. மேக்கோங் கரையில் நடந்ததாகவும், ராமன் புத்தருடைய முற்பிறப்பு என்றும் சொல்லுகிறது. ஒரு கதை போகின்ற இடத்துக்கெல்லாம் தகுந்தபடி ஊரும் பேரும் மதமும் மாற்றிக் கொள்ளுமானால், அது சரித்திரமா, கதையா என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

சர்க்கார்

1975 டிசம்பர் 2-ந் தேதி அங்கே முடியாட்சி ஒழிந்தது. பாதெத் லாவோ என்ற பொதுவுடைமைக்காரர்கள் அதிகாரத்துக்கு வந்து, மக்கள் ஜனநாயகக் குடியரசு என்று பெயர் வைத்தார்கள். ராஜா ஒழிந்தான் என்று கேட்டால் சுயமரியாதைக்காரனுக்குச் சந்தோஷமே. ஆனால் சந்தோஷத்தில் கண்ணை மூடிக் கொள்ளக் கூடாது.

அங்கே சட்டப்படி இருக்கின்ற கட்சி ஒன்றே ஒன்று. 2021-ஆம் வருஷத் தேர்தலில் தேசிய சபையின் 164 ஸ்தானங்களில் 158 அந்தக் கட்சிக்கு. மற்ற 6 பேர் கட்சி சேராதவர்கள். எதிர்க்கட்சி என்பது கிடையாது. 1975-க்குப் பின் லட்சக்கணக்கான ஜனங்கள் மேக்கோங்கைத் தாண்டி ஓடினார்கள். பழைய ராஜாவும் முகாமுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். ராஜத்துவத்தை ஒழிப்பது நியாயம். விசாரணையில்லாமல் மனிதனை ஒழிப்பது நியாயமல்ல.

இதில் நமது இயக்கத்தார் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கின்றது. புது சர்க்கார் வந்ததும் ஆவி வழிபாடு கூடாது என்றும், பிக்ஷுக்களுக்குச் சோறு போடுவதைக் குறைக்க வேண்டும் என்றும் உத்தரவுகள் பிறந்தன. ஜனங்கள் கேட்கவில்லை. கொஞ்ச காலத்தில் சர்க்காரே அந்த முயற்சியைக் கைவிட்டது. அது மாத்திரமல்ல, 1991-இல் தேசத்தின் முத்திரையிலிருந்து சுத்தியலையும் அரிவாளையும் எடுத்து விட்டு, அந்த இடத்தில் தாட் லுவாங் என்ற பௌத்த ஸ்தூபியை வைத்துக் கொண்டது. கடவுளை ஒழிக்க வந்தவர்கள் கடைசியில் கோயில் கோபுரத்தையே முத்திரையாகப் போட்டுக் கொண்டார்கள்!

இதற்குக் காரணம் என்ன? மூடநம்பிக்கை என்பது உத்தரவினால் உண்டானதல்ல. உத்தரவினால் ஒழியவும் ஒழியாது. கேட்டுக் கேட்டு, பேசிப் பேசி, ஜனங்கள் தாங்களே சிந்தித்துக் கைவிட்டால்தான் ஒழியும். எதிர்த்துப் பேச அனுமதியில்லாத இடத்தில் சிந்தனை எப்படி வளரும்? கேள்வி கேட்காதே என்று சொல்லுகின்றவன் பூணூல் போட்டிருந்தாலும், காவி கட்டியிருந்தாலும், சிவப்புக் கொடி பிடித்திருந்தாலும் அவன் புரோகிதனே. நம்மோடு சேர்ந்து கடவுள் இல்லை என்று சொல்லுகின்றவனாயிருந்தாலும் இதில் நாம் தாட்சண்யம் காட்ட முடியாது.

ஓர் உதாரணம் சொல்லுகின்றோம். சோம்பத் சோம்போன் என்ற லாவோஸ் பெரியார் ஒருவர், விவசாயிகளுக்கும் வாலிபர்களுக்கும் வெகுகாலம் உழைத்து, 2005-இல் மகசேசே பரிசு பெற்றவர். 2012 டிசம்பர் 15-ந் தேதி சாயங்காலம் வியந்தியேனில் போலீஸ் சாவடி ஒன்றின் அருகே அவருடைய வண்டி நிறுத்தப்பட்டது. வேறொரு வண்டியில் அவர் ஏற்றிக் கொண்டு போகப்பட்டது ரோட்டுக் காமிராவில் பதிவாயிருக்கின்றது. அதன் பிறகு அவரைக் கண்டவர் இல்லை.

பொருளாதாரம்

இப்போது அந்த தேசத்துச் செல்வத்தைப் பார்ப்போம். மேக்கோங்கும் அதன் உபநதிகளும் மலையிலிருந்து இறங்குவதால் மின்சாரம் எடுக்க நல்ல வசதி. ஆகவே "தென்கிழக்கு ஆசியாவின் மின்கலம்" ஆகப் போகிறோம் என்று அந்த சர்க்கார் அணைமேல் அணையாகக் கட்டிற்று. 2010-இல் நாம் தேன் இரண்டாவது அணை, 2019-இல் மேக்கோங் நதியின் குறுக்கே சையபுரி அணை என்று இப்படியாகப் பல. இந்த இரண்டின் மின்சாரத்திலும் பெரும் பகுதி தாய்லாந்துக்குப் போகின்றது. நாம் தேன் அணைக்காக 6,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் ஊரை விட்டு எழுப்பப்பட்டார்கள்.

செம்பு, தங்கம், ரப்பர் முதலியவைகளும் வெளியே போகின்றன. நமது சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு உயிரான மரவள்ளிக் கிழங்கும் இப்போது லாவோஸில் பெரிய ஏற்றுமதிச் சரக்கு. கிழங்கு ஒன்றேதான், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கின்றது. சேலத்தில் கிழங்கு இங்கேயே ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகவும் மாவாகவும் ஆகின்றது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் நின்றபோது நம்மவர்கள் தாங்களே செய்யக் கற்றுக் கொண்டார்கள். 1981-இல் சாகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. லாவோஸிலோ பெரும் பங்கு கிழங்காகவும் சீவலாகவும் அண்டை நாடுகளுக்குப் போகின்றது. கச்சாப் பொருளை விற்கின்றவனுக்குக் கூலி. அதைப் பக்குவம் செய்கிறவனுக்கு லாபம். இதில் கடவுளுக்கு என்ன வேலை?

2021 டிசம்பர் 3-இல் சீன எல்லையிலிருந்து வியந்தியேனுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ரயில் பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த தேசம் முழுவதிலும் இருந்த பாதை தாய்லாந்திலிருந்து வந்த மூன்றரைக் கிலோமீட்டர்தான். ரயில் வந்தது நல்லதே. அதைக் குறை சொல்லுகின்றவன் மூடன். ஆனால் அதற்கான செலவு சுமார் 600 கோடி டாலர். பெரும் பகுதி சீனக் கடன். அணைக் கடனும் ரயில் கடனும் சேர்ந்து கழுத்தை நெரித்தன. 2020-இல் டாலருக்கு 9,000 அளவிலிருந்த அந்நாட்டு கிப் நாணயம் 2023 கடைசியில் 20,000-க்கு மேல் போய் விட்டது. 2023 ஆரம்பத்தில் விலைவாசி ஒரு வருஷத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஏறிற்று. வாலிபர்கள் கூலிக்காக ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக்குப் போகிறார்கள். 2021-இல் மின்சாரக் கம்பி வழிகளை நடத்தும் உரிமையும் பெரும்பங்கு சீனக் கம்பெனிக்கு உள்ள ஒரு ஸ்தாபனத்துக்கு 25 வருஷத்துக்குக் கொடுக்கப்பட்டது. நதியும் மலையும் அவர்களுடையவை. கம்பியின் சாவி பிறர் கையில்.

நிற்க. இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம் இதுதான். 2018 ஜூலை 23-ந் தேதி இரவு, தெற்கே அட்டபு ஜில்லாவில், சே பியன் - சே நாம்னோய் என்ற அணைத் திட்டத்தின் பக்கக் கரை ஒன்று உடைந்தது. வெள்ளம் கிராமங்களை அடித்துக் கொண்டு போயிற்று. பல பத்து உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கானவர்கள் வீடு இழந்தார்கள். பெரு மழை என்று காரணம் சொல்லப்பட்டது. நம்மூரில் ஒப்பந்தப் பத்திரங்களில் "தெய்வச் செயல்" என்று ஒரு வாசகம் எழுதுவார்கள். தெய்வச் செயலால் நஷ்டம் வந்தால் யாரும் பொறுப்பாளியல்ல. ஆனால் அணையை ஆராய்ந்த நிபுணர்கள் 2019-இல் சொன்னது என்னவென்றால், இந்த விபத்தை அப்படித் தள்ளி விட முடியாது, கரையின் அடியிலிருந்த மண் நீர் கசிந்து அரித்துப் போனதே காரணம், தக்க ஏற்பாடு செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பதாகும். கட்டிய கம்பெனி அதை ஒப்புக் கொள்ளவில்லை.

தோழர்களே! "தெய்வச் செயல்" என்று இருந்த வரையில் குற்றவாளி யாருமில்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தவுடன் காரணம் தெரிந்தது. காரணம் தெரிந்தவுடன் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி பிறந்தது. பகுத்தறிவு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமாக நம்மால் பதில் சொல்ல முடியாது.

நமக்கு இதில் என்ன?

எங்கோ இருக்கின்ற தேசத்தைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று கேட்கலாம். நமது மேட்டூருக்குப் போய்ப் பாருங்கள். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அந்த அணையால் தஞ்சை வயல்கள் வாழ்கின்றன. அதை நாம் பெருமையோடுதான் சொல்லுகின்றோம். நீர்மட்டம் வெகுவாய் இறங்கும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிப் போன நந்தி சிலையும் மாதாகோயில் கோபுரமும் தலை காட்டுகின்றன. நந்தியும் தப்பவில்லை, மாதாவும் தப்பவில்லை. தண்ணீர் மதம் பார்க்கவில்லை. அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகின்றது. ஆனால் அந்த நந்தியைச் சுற்றி யாருடைய வயல் இருந்தது, அவர்கள் எங்கே போனார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கின்றவர்கள் எத்தனை பேர்? சாமி மூழ்கினதைப் பேசுகின்ற வாய் மனிதன் மூழ்கினதைப் பேசுவதில்லை.

கேட்கின்ற உரிமை நமக்குக் காகிதத்தில் இருக்கின்றது. லாவோஸ்காரனுக்கு அவ்வளவும் இல்லை. ஆனால் காகிதத்தில் இருப்பது போதுமென்று நாம் தூங்கி விட முடியாது. சோம்பத் காணாமல் போன எட்டு மாதத்தில், 2013 ஆகஸ்டு 20-இல், நமது தேசத்துப் பூனாவில் காலை நடைக்குப் போன நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். மந்திரவாதிகளையும் சாமியார்களையும் காரணம் கேட்டதே அவர் செய்த குற்றம். அங்கே கேட்டவர் வண்டியில் ஏற்றப்பட்டார். இங்கே கேட்டவர் ரோட்டில் கிடந்தார். கேள்விக்குப் பயப்படுகின்றவர்கள் எல்லாத் தேசத்திலும் ஒரே ஜாதி.

கடல் இல்லாத ஈரோட்டிலிருந்து 1925-இல் ஒரு சிறு பத்திரிகை புறப்பட்டது. கடல் இல்லாத சேலத்தில் 1944 ஆகஸ்டு 27-இல் ஒரு மாநாடு கூடி, வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்து, நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக்கிற்று. அதைச் செய்தவர்கள் ஜாதகம் பார்த்துச் செய்யவில்லை. "ஏன் இப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். சேலத்துக்குக் கடல் வரவில்லை. ஆனால் தெருவில் நடக்கக் கூடாது என்றிருந்தவன் பிள்ளை இன்று அதே தெருவில் டாக்டராகப் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறான்.

ஆகவே அந்த ஃபேர்லேண்ட்ஸ் பையனுக்கு நாம் சொல்லுவது: தம்பி, லாவோஸுக்குக் கடல் இல்லை என்று பரீட்சையில் எழுது, அது உண்மை. அது ஏழை என்றும் எழுது, அதுவும் உண்மை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே "ஆகையால்" என்று போடுவதற்கு முன் கொஞ்சம் நில். குண்டு போட்டவன் யார், படிப்பைத் தடுத்தவன் யார், அணையின் மின்சாரம் யார் வீட்டில் எரிகின்றது, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் யார், அதைக் கேட்கக் கூடாது என்று வாயை மூடினவன் யார் என்று ஒவ்வொன்றாகக் கேள். அத்தனைக்கும் பதில் கிடைத்த பிறகு, தலையெழுத்து என்று சொல்லுவதற்கு ஏதாவது பாக்கி இருந்தால், அந்தப் பெரியவரிடமே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.